மின்சுற்றுகளில் மின்தேக்கியின் பாதுகாப்பான மின்னிறக்கம்: கணக்கீடும் சரிபார்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட பின்னரும் மின்தேக்கி தன்னுள் ஆற்றலை இருத்தி வைத்திருக்கும். பழுதுநீக்கும் பணியிலும் ஆய்வகப் பயிற்சியிலும் இந்த எச்ச ஆற்றலே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது. திருப்புளியால் முனைகளைக் குறுக்குச்சுற்றாக்கும் வழக்கம் எவ்வாறு பிழையானது, மின்தடையாக்கியின் வழியே மின்னிறக்கம் செய்வதற்கான கணக்கீடு யாது, சுற்றில் நிலையாகப் பொருத்தப்பட்ட வடிப்பு மின்தடையாக்கியை ஏன் முற்றிலும் நம்பலாகாது, இறக்கிய மின்னழுத்தம் மீண்டும் எழுவது எதனால் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்னிறக்கம் என்பது செய்து முடிக்கும் ஒரு செயலாக மட்டும் அமையாமல், அளந்து உறுதிசெய்ய வேண்டிய ஒரு நிலையாகவும் கொள்ளப்பட வேண்டும் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மின்தேக்கி, மின்னிறக்கம், நேர மாறிலி, வடிப்பு மின்தடையாக்கி, எச்ச மின்னூட்டம், ஆய்வகப் பாதுகாப்பு.

முன்னுரை

இரு கடத்தித் தகடுகளும் அவற்றுக்கு இடையே ஒரு மின்கடத்தாப் பொருளும் கொண்ட அமைப்பே மின்தேக்கி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை மின்தேக்கி என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கொள்ளளவி என்றும் வழங்குகின்றன. இவ்விரு சொற்களுள் முன்னது, இக்கட்டுரையின் நோக்கில், பொருத்தம் மிக்கது. மதகை அடைத்த பின்னும் ஏரியில் நீர் தேங்கி நிற்பது போல, மின்வழங்கலை நிறுத்திய பின்னும் இக்கருவியில் மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. சுவிட்சை அணைத்தல் உள்வரத்தை மட்டுமே நிறுத்தும். தேங்கியதை அது வெளியேற்றுவதில்லை.

மின்தேக்கியில் தேங்கிய ஆற்றல், மின்தேக்குத்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும் என்பது மேனிலை வகுப்பு மாணவரும் அறிந்த வாய்பாடு. ஆயினும், தேர்வுத்தாளில் அதனைப் பிழையின்றி எழுதும் மாணவர், ஆய்வக மேசையில் திறந்து வைக்கப்பட்ட ஒரு மின்வழங்கியைக் காணும்போது அவ்வாய்பாட்டை நினைவுகூர்வது அரிது. வாய்பாட்டுக்கும் மேசைக்கும் இடையிலான இத்தொலைவே இங்கு ஆராயப்படுகிறது.

லைடன் சாடி தந்த முதற்பாடம்

மின்தேக்கியின் வரலாறும் மின்னதிர்ச்சியின் வரலாறும் ஒன்றாகவே தொடங்குகின்றன. 1745ஆம் ஆண்டு அக்டோபரில் பொமரேனியாவில் எவால்ட் கியோர்க் ஃபான் கிளைஸ்ட் என்பவரும், அதற்குச் சில மாதங்களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் ஃபான் மூசன்புரூக் என்பவரும், கண்ணாடிக் குடுவையில் மின்னூட்டத்தைச் சேமிக்க முடியும் என்பதைத் தனித்தனியே கண்டறிந்தனர். இருவரும் அதனை அறிந்தது தம் உடலில் பெற்ற அதிர்ச்சியின் வாயிலாகத்தான். 1746 ஜனவரியில் பாரிசிலிருந்த ரியமூருக்கு எழுதிய மடலில், பிரெஞ்சு முடியரசையே கொடுத்தாலும் அவ்வதிர்ச்சியை இன்னொரு முறை ஏற்கப்போவதில்லை என்னும் பொருள்பட மூசன்புரூக் குறிப்பிட்டார்.

பாதுகாப்பு நோக்கில் இதனினும் கருதத்தக்கது பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு நேர்ந்த விபத்து. லைடன் சாடியின் மின்னூட்டம் கண்ணாடியிலேயே தங்குகிறது என்பதை ஆய்ந்து காட்டியவர் அவர். பல சாடிகளை இணைத்த தொகுதிக்குப் ‘பேட்டரி’ என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. 1750 டிசம்பர் 23 அன்று, இரண்டு பெரிய சாடிகளின் மின்னிறக்கத்தால் ஒரு வான்கோழியைக் கொல்ல முனைந்தபோது, சாடிகளின் மேற்கம்பிகளை ஒரு கையாலும், வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலியை மறுகையாலும் தொட்டு, முழு மின்னூட்டத்தையும் தம் உடலின் வழியே இறக்கிக்கொண்டார். அவ்விரு சாடிகளும் நாற்பது சாதாரணக் குடுவைகளின் அளவுக்கு மின்னூட்டம் கொண்டவை என அவரே இரு நாள்கள் கழித்து எழுதிய மடலில் பதிவுசெய்துள்ளார். உடனிருந்தோர் பெரும் ஒளியையும் கைத்துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையையும் உணர்ந்தனர். அவர் மட்டும் எதையும் காணவும் இல்லை, கேட்கவும் இல்லை. அக்காலத்தில் மின்தேக்கியைப் பற்றி அவரினும் மிகுதியாக அறிந்தவர் ஒருசிலரே இருந்திருப்பர். அறிவுக் குறைவால் நேர்ந்த விபத்தன்று அது. சரிபார்க்கும் ஒழுங்கு கையில் இல்லாமையால் நேர்ந்தது. அந்நூற்றாண்டின் மின் ஆய்வாளர்கள் கண்ணாடிக் கைப்பிடி பொருத்திய வளைந்த உலோகக் கோல்களைச் சாடிகளை இறக்குவதற்கெனவே பயன்படுத்தினர். இன்றைய மின்னிறக்கக் கோலின் முன்னோடி அதுவே.

ஆற்றலின் அளவும் உடலின் தாங்குதிறனும்

230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். சுவிட்ச் முறை மின்வழங்கியில் (எஸ்.எம்.பி.எஸ்.) மின்மாற்றிக்கு முன்பாகவே அலைதிருத்தம் நிகழ்வதால், உள்ளீட்டுப் பக்கத்து மின்தேக்கி இந்த உச்ச மதிப்புக்கு மின்னேறுகிறது. அதன் மின்தேக்குத்திறன் 470 மைக்ரோஃபாரட் எனக் கொண்டால், தேங்கிய ஆற்றல் 24.8 ஜூல். ஒரு கிலோகிராம் எடை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு இது நிகர். இந்த எடுத்துக்காட்டே கட்டுரை முழுவதும் பின்பற்றப்படுகிறது.

ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் பாதையில் மனித உடலின் மின்தடையை, இத்தகைய மின்னழுத்தத்தில், தோராயமாக 1000 ஓம் எனக் கொள்வது கணக்கீட்டு மரபு. அவ்வாறாயின் தொடக்க மின்னோட்டம் 325 மில்லி ஆம்பியர். மின்தேக்குத்திறனையும் மின்தடையையும் பெருக்கக் கிடைக்கும் நேர மாறிலி 0.47 விநாடி, அதாவது, மின்னோட்டம் தன் தொடக்க மதிப்பில் 37 விழுக்காடாகக் குறைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி ஆகும். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தின் ஒரு சுழற்சி 0.8 விநாடி. அச்சுழற்சியில் இதயக் கீழறைகள் மின்தூண்டலால் எளிதில் தாளம் தவறிவிடக்கூடிய ஒரு குறுகிய கட்டம் உண்டு. அரை விநாடி நீளும் மின்னோட்டம் அக்கட்டத்தைத் தொடும் வாய்ப்பு மிகுதி. எனவே, ‘ஒரு கணம் உதறிவிட்டுப் போய்விடும்’ என்று பணிமனைகளில் கூறப்படுவது இவ்வளவு பெரிய மின்தேக்கிக்குப் பொருந்தாது. மின்தேக்கி மின்னிறக்கம் போன்ற குறுந்துடிப்பு மின்னோட்டங்கள் உடலில் ஏற்படுத்தும் விளைவுகளைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60479-2 என்னும் ஆவணம் தனியே ஆராய்வதும் இக்காரணம் பற்றியே.

ஆற்றல் சிறிதாயினும் இடர் இல்லை என்று கொள்ளலாகாது. ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளிச் சுற்றில் 120 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 330 வோல்ட்டுக்கு மின்னேறும்போது தேங்குவது 6.5 ஜூல் மட்டுமே. அவ்வதிர்ச்சியால் கை அனிச்சையாகப் பின்னோக்கி இழுக்கப்படும்போது, அருகிலிருக்கும் உலோக விளிம்பிலோ மின்னூட்டம் உள்ள வேறு முனையிலோ மோதி நேரும் காயம் முதற்காயத்தினும் கொடியதாக அமையக்கூடும்.

திருப்புளி முறையின் பிழை

காப்பிட்ட கைப்பிடியுடைய திருப்புளியின் உலோகத் தண்டால் மின்தேக்கியின் இரு முனைகளையும் தொட்டு இறக்குவது பணிமனைகளில் பரவலான வழக்கம். விரைவானது, தனிக்கருவி வேண்டாதது, ‘பட்’டென்னும் ஓசையால் இறங்கிவிட்டது என்னும் நிறைவையும் தருவது. இம்மூன்று காரணங்களாலேயே அது நீடிக்கிறது.

மின்தேக்கியின் உள்தடையும் தொடுமுனைத் தடையும் சேர்ந்து 0.3 ஓம் எனக் கொண்டால், தொடக்க மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரைக் கடக்கும். நேர மாறிலி 0.14 மில்லி விநாடி. எந்த மின்தடையின் வழியே இறக்கினாலும் வெப்பமாக மாறும் மொத்த ஆற்றல் ஒன்றே என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. மின்தடை சிறிதாயின் வெப்பம் கூடுவதில்லை. அது வெளிப்படும் காலமே சுருங்குகிறது. 25 ஜூல் ஆற்றல் மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்தில், திருப்புளியின் முனை தொடும் ஒரு புள்ளியிலும் மின்தேக்கியின் உள்ளிணைப்புகளிலும் வெளிப்படும்போது, உலோகம் உருகித் தெறிக்கிறது. கண்ணில் தெறிக்கும் துகள், அச்சுச்சுற்றுப் பலகையில் எரிந்துபோகும் செப்புத்தடம், உள்ளே தளர்ந்துவிடும் மின்முனை இணைப்பு ஆகியன இதன் விளைவுகள். இறுதியாகக் கூறியது வெளியே தெரிவதில்லை. நன்னிலையில் இருந்த மின்தேக்கி, பழுதுநீக்க வந்த இடத்திலேயே பழுதின் விதையைப் பெற்றுச் செல்கிறது.

இம்முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஓசை எழவில்லையெனில், மின்தேக்கி ஏற்கெனவே காலியாக இருந்தது என்பதும் காரணமாகலாம். திருப்புளி வண்ணப்பூச்சின் மீதோ இளக்கிப் படிவின் மீதோ பட்டு, முனையைத் தொடவே இல்லை என்பதும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறியும் வழி அம்முறையில் இல்லை.

மின்தடையாக்கியின் வழியே இறக்குதல்

பாதுகாப்பான மின்னிறக்கத்தின் அடிப்படை, ஆற்றலைத் தேவையான அளவுக்கு நீண்ட காலத்தில், அதனைத் தாங்கவல்ல பொருளில் வெப்பமாக்குதல். 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 2.2 கிலோ ஓம் மின்தடையாக்கியைத் தேர்ந்தால் நேர மாறிலி 1.03 விநாடி. 325 வோல்ட்டிலிருந்து 50 வோல்ட்டுக்கு இறங்க, இவ்விரு மதிப்புகளின் விகிதமாகிய 6.5இன் இயல் மடக்கையை (1.87) நேர மாறிலியால் பெருக்க வேண்டும், கிடைப்பது ஏறத்தாழ 1.9 விநாடி. 5 வோல்ட்டை எட்ட 4.3 விநாடி. பத்து விநாடி இணைத்து வைத்தால் கணக்கின்படி எஞ்சுவது வோல்ட்டில் நூற்றில் சில பங்கே.

தேர்வில் மின்தடை மதிப்பு மட்டும் போதாது. தொடக்க மின்னோட்டம் 148 மில்லி ஆம்பியர். தொடக்கத் திறன் 48 வாட். கம்பிச் சுற்றிப் பீங்கான் உறையிட்ட 10 வாட் மின்தடையாக்கி சில விநாடிகளுக்கு இத்தகைய மிகைச்சுமையைத் தாங்கும். அதன் பருமனுக்கு 25 ஜூல் பெரிய வெப்பமன்று. ஆய்வகப் பெட்டியில் முதலில் கைக்கு அகப்படும் கால் வாட் கரிப்படல மின்தடையாக்கியோ கருகித் திறந்துவிடும். திறந்துவிட்ட மின்தடையாக்கி எதையும் இறக்குவதில்லை. புகையைக் கண்டவர் ‘ஆற்றல் அதில் போயிற்று’ என்று கருதிக்கொண்டு கையை வைப்பாராயின், அங்கே இன்னும் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். மேலும், கால் வாட் மின்தடையாக்கிகளின் உச்ச வேலை மின்னழுத்தம் பொதுவாக 250 வோல்ட். திறனைப் பற்றிய கவலை இல்லாத இடத்திலும் இவ்வரம்பு மீறப்படுகிறது. நுண்ணலை அடுப்பைப் போல ஈராயிரம் வோல்ட்டைக் கடக்கும் சுற்றுகளில், ஒரே மின்தடையாக்கிக்கு மாற்றாகப் பலவற்றைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தைப் பகிர்ந்தளிப்பதும், உயர் மின்னழுத்தத்திற்கெனவே ஆக்கப்பட்ட வகையைக் கொள்வதும் இதனாலேயே.

பணிமனைகளில் இதற்கு இரு எளிய மாற்றுகள் வழக்கில் உள்ளன. ஒன்று, 230 வோல்ட், 25 வாட் பற்றவைப்புக் கோலின் செருகிமுனைகளை மின்தேக்கியோடு இணைத்தல். அதன் மின்தடை 2116 ஓம். மேலே கணக்கிட்ட மதிப்போடு இது ஏறத்தாழ ஒத்திருப்பது ஒரு நற்பேறான ஒற்றுமை. மற்றொன்று இழை விளக்கு. 100 வாட் விளக்கின் இழை சூடான நிலையில் 529 ஓம் மின்தடை கொண்டது. குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விளக்கு மின்னி அணைவது கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் சிறப்பு. அதுவே குறையும் ஆகும். சில பத்து வோல்ட்டில் இழை ஒளிர்வதில்லை. எனவே ஒளி அடங்கியது மின்னழுத்தம் அடங்கியதற்குச் சான்றாகாது. இழை அறுந்த விளக்கும் ஒளிர்வதில்லை. இரு முறைகளுமே வெற்றுச் செருகிமுனைகளைக் கையாளச் செய்வன. காப்பிட்ட கவ்விகளுடன் ஆக்கப்பட்ட தனி மின்னிறக்கக் கருவி ஒன்றை ஆய்வகமே செய்துகொள்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மின்தடையாக்கியை எவ்விரு புள்ளிகளுக்கு இடையே இணைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சுவிட்ச் முறை மின்வழங்கியின் உள்ளீட்டுப் பக்கம் உலோகக் கூட்டோடு நேரடி இணைப்பு அற்றது. எனவே ஒரு முனைக்கும் கூட்டுக்கும் இடையே மின்தடையாக்கியை வைத்தால் மின்தேக்கி இறங்காது. இரு முனைகளுக்கும் இடையேயே அது அமைய வேண்டும். நுண்ணலை அடுப்பில் உயர் மின்னழுத்தச் சுற்றின் ஒரு பக்கம் கூட்டோடு இணைந்திருப்பதால், முனைகளுக்கு இடையே இறக்கிய பின், ஒவ்வொரு முனையையும் கூட்டோடும் இணைத்துப் பார்ப்பது நெறி.

வடிப்பு மின்தடையாக்கியின் மௌனப் பழுது

நன்கு வடிவமைத்த கருவிகளில் மின்தேக்கிக்கு இணையாக ஒரு மின்தடையாக்கி நிலையாகவே பொருத்தப்பட்டிருக்கும். தொழில் வழக்கில் இது ‘பிளீடர்’ எனப்படும். இங்கு வடிப்பு மின்தடையாக்கி எனப்படுகிறது. இதன் மதிப்பைத் தேர்வதில் ஓர் இழுபறி உண்டு. மேற்கண்ட மின்தேக்கிக்கு 220 கிலோ ஓம் பொருத்தினால், கருவி இயங்கும் நேரமெல்லாம் வீணாவது அரை வாட். ஆனால் 50 வோல்ட்டுக்கு இறங்க மூன்று நிமிடத்திற்கு மேலாகும். 22 கிலோ ஓம் பொருத்தினால் இருபது விநாடியில் இறங்கும். எனினும் ஏறத்தாழ 5 வாட் இடைவிடாது வெப்பமாகும். ஆற்றல் சிக்கனம் வலியுறுத்தப்படும் இக்காலத்தில் வடிவமைப்பாளர் முன்னதன் பக்கமே சாய்வர் என்பது எதிர்பார்க்கத்தக்கது.

தரநிலைகள் இவ்விழுபறிக்கு எல்லை வகுக்கின்றன. வீட்டுக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60335-1, செருகியைப் பிடுங்கிய ஒரு விநாடியில் அதன் முள்களுக்கு இடையே 34 வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது என்கிறது. உள்ளீட்டில் 0.47 மைக்ரோஃபாரட் இடையூறு நீக்கும் மின்தேக்கியும் அதற்கு இணையாக 1 மெகா ஓம் மின்தடையாக்கியும் இருப்பின், ஒரு விநாடியில் எஞ்சுவது 39 வோல்ட், எல்லையைக் கடக்கிறது. 820 கிலோ ஓம் எனில் 24 வோல்ட், எல்லைக்குள் அடங்குகிறது. பொறியியல் வகுப்பில் அடுக்குக்குறிச் சார்பைக் கற்பிப்பதற்கு இதனினும் பொருத்தமான பயிற்சிக் கணக்கு அரிது. இயந்திரங்களின் மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60204-1, மின்வழங்கலைத் துண்டித்த 5 விநாடிக்குள் 60 வோல்ட் அல்லது அதற்குக் கீழ் இறங்க வேண்டும் எனவும், அது இயலாதவிடத்துக் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறிப்பிடும் எச்சரிக்கைப் பலகை வேண்டும் எனவும் வகுக்கிறது. திறன் காரணி திருத்தும் மின்தேக்கிகளுக்கான ஐ.இ.சி. 60831-1இல் எல்லை 3 நிமிடத்தில் 75 வோல்ட்.

இவ்வெல்லைகள் அனைத்தும் புதிய, பழுதற்ற கருவிக்கு உரியவை. இவ்விடத்தில்தான் சிக்கலின் மையம் உள்ளது. ஒரு சுற்றின் பிற உறுப்புகள் பழுதுற்றால் கருவி இயங்காமல் நிற்கும். பயனர் அதனை உணர்வார். வடிப்பு மின்தடையாக்கி அறுந்துபோனால் கருவி முன்போலவே இயங்கும். ஒலி, ஒளி, வெப்பம் எதிலும் மாற்றமில்லை. பாதுகாப்பிற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு, தன் பழுதைத் தானே அறிவிக்க இயலாத இடத்தில் இருக்கிறது. அது அறுந்த செய்தி, அடுத்து உறையைத் திறப்பவரின் விரலுக்கே முதலில் தெரியவரும்.

இதனோடு இன்னொரு சூழலும் இணைகிறது. இயங்கும் நிலையிலுள்ள மின்வழங்கியை அணைத்தால், சுவிட்ச் முறைச் சுற்று சிறிது நேரம் தொடர்ந்து இயங்கி, மின்தேக்கியின் ஆற்றலில் பெரும்பகுதியைச் சுமைக்கு வழங்கிவிடும். அதனால்தான் நல்ல நிலையிலுள்ள கருவிகள் தம்மைத் தாமே காலி செய்துகொள்வனபோல் தோன்றுகின்றன. தொடக்க மின்தடையாக்கி அறுந்தோ கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்தோ இயங்காமற்போன மின்வழங்கியில் ஆற்றலை எடுத்துக்கொள்ள எவரும் இல்லை. அலைதிருத்தி மட்டும் தன் பணியைச் செய்து மின்தேக்கியை முழுமையாக நிரப்பி வைத்திருக்கும். நல்ல கருவிகளைத் திறந்து பழகிய துணிவோடு பழுதுற்ற கருவியைத் திறப்பவர் ஏமாறுவது இங்கேயே. பழுதுநீக்குபவரின் மேசைக்கு வருவதோ பழுதுற்ற கருவி மட்டுமே. ‘செத்துப்போன’ மின்வழங்கியே மின்தேக்கியைப் பொறுத்தவரை உயிரோடு இருப்பது என்பது முரணாகத் தோன்றினும் உண்மை.

வடிப்பு மின்தடையாக்கியும் சுமையும் இல்லாத நிலையில் எவ்வளவு நேரம் மின்னூட்டம் நீடிக்கும்? மின்தேக்கியின் உட்கசிவு ஒன்றே வழி. நல்ல பாலிபுரோப்பிலீன் படல மின்தேக்கியின் தன்னிறக்க நேர மாறிலி 30,000 விநாடி எனக் கொண்டால், 325 வோல்ட்டிலிருந்து 50 வோல்ட்டுக்கு இறங்க 15 மணி நேரத்திற்கு மேலாகும். மின்னாற்பகுப்பு மின்தேக்கிகளில் கசிவு மிகுதி. எனினும் அது உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதால் அதனை நம்பிக் காத்திருப்பது முறையாகாது.

அளந்து உறுதிசெய்தல்

மின்னிறக்கியபின் அளப்பது என்பதினும், அளந்துகொண்டே இறக்குவது சிறந்தது. கருவியின் செருகியைத் தாங்குகுழியிலிருந்து அகற்றிய பின் (சுவிட்சை அணைத்தல் போதாது, மின்கலம் அல்லது தடையிலா மின்வழங்கி இணைந்திருப்பின் அதுவும் பிரிக்கப்பட வேண்டும்), பன்னளவி எனப்படும் மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட மின்னழுத்த அளவீட்டில் மின்தேக்கியின் முனைகளோடு கவ்விகளால் இணைத்து, அதன் பின்னரே மின்தடையாக்கியை இணைக்க வேண்டும். ஒரு கை மட்டும் பணியில் ஈடுபடுவதும், மறு கை உலோகப் பரப்புகளிலிருந்து விலகியிருப்பதும் பழைய தொலைக்காட்சிப் பழுதுநீக்குநர் கைக்கொண்ட நல்வழக்கம். கைக்குக் கை செல்லும் பாதை மார்பைக் கடப்பதால் இதற்குப் பொருள் உண்டு.

இவ்வாறு செய்யும்போது, அளவி காட்டும் எண் இறங்கும் வேகமே ஒரு சான்றாகிறது. மின்னழுத்தம் பாதியாவதற்கு நேர மாறிலியில் 0.69 பங்கு நேரம் ஆகும். 2.2 கிலோ ஓம் வழியே 470 மைக்ரோஃபாரட் இறங்கும்போது அது 0.7 விநாடி. எண் மின்னெனக் குறையாமல் மெல்ல இறங்கினால், மின்தடையாக்கி சரியாக இணையவில்லை என்பது அப்போதே புலனாகும். தொடக்கத்திலேயே அளவி சுழியம் காட்டினால் அதனை அப்படியே நம்புவதும் கூடாது. அளவியின் கம்பி அறுந்திருக்கலாம். அளவீட்டுக் குமிழ் மாறுமின்னோட்டத்தில் இருக்கலாம். ஆகவே, மின்கலம் போன்ற அறிந்த மூலம் ஒன்றில் அளவியை முதலில் சோதித்து, பின் மின்தேக்கியை அளந்து, மீண்டும் அறிந்த மூலத்தில் சோதிக்கும் மும்முறைச் சோதனை வலியுறுத்தப்படுகிறது. இதற்குச் செலவாகும் நேரம் அரை நிமிடம்.

தொடராக இணைந்த மின்தேக்கிகளில் அளவீடு தனியே கருதத்தக்கது. 115, 230 வோல்ட் ஆகிய இரண்டிலும் இயங்கும் பழைய கணினி மின்வழங்கிகளில் 200 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டு தொடராக இருப்பதைக் காணலாம். சமமான தேக்குத்திறன் கொண்ட இரண்டில் ஒன்று 180 வோல்ட்டிலும் மற்றது 145 வோல்ட்டிலும் இருக்க, புற முனைகளை மட்டும் இணைத்து இறக்கினால், இரண்டிலிருந்தும் சமமான மின்னூட்டமே வெளியேறும். முடிவில் ஒன்றில் 17.5 வோல்ட் நேர்த்திசையிலும், மற்றதில் அதே அளவு எதிர்த்திசையிலும் எஞ்சும். புற முனைகளில் அளவி காட்டுவதோ சுழியம். உயர் மின்னழுத்தத் தொகுதிகளில் இவ்வேறுபாடு இடர் தரும் அளவுக்குப் பெருகும். ஒவ்வொரு மின்தேக்கியையும் தனித்தனியே இறக்கி, தனித்தனியே அளக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மீயுயர் தேக்கிகளைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் இங்குப் போதும். 3000 ஃபாரட், 2.7 வோல்ட் அலகொன்றில் தேங்குவது ஏறத்தாழ 10,900 ஜூல். மின்னதிர்ச்சி தராத மின்னழுத்தம் அது. ஆயினும் மோதிரமோ கைக்கடிகாரப் பட்டையோ குறுக்கே பட்டால் தீக்காயம் உறுதி. 1 ஓம் வழியே இறக்கினால் நேர மாறிலி மட்டும் 50 நிமிடம்.

இறங்கியது மீண்டும் எழுதல்

சுழியம் வரை இறக்கி, அளந்து, இணைப்பை எடுத்துவிட்ட மின்தேக்கியில் சில நிமிடங்களில் மின்னழுத்தம் மீண்டும் தோன்றும். லைடன் சாடியிலேயே அறியப்பட்ட இந்நிகழ்வு எச்ச மின்னூட்டம் எனப்பட்டது. மின்கடத்தாப் பொருள் சீரற்ற அடுக்குகளால் ஆனதாயின் இத்தகைய மீளெழுச்சி நிகழும் என 1873இல் வெளியான தம் மின்காந்தவியல் நூலில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் விளக்கினார். அப்பத்தாண்டிலேயே ஜான் ஹாப்கின்சன் கண்ணாடிச் சாடிகளில் அதனை விரிவாக அளந்தார்.

முதன்மை மின்தேக்கிக்கு இணையாக, பெரிய மின்தடையின் வழியே இணைந்த சிறு மின்தேக்கிகள் பல உள்ளே மறைந்திருப்பதாகக் கொள்வது இன்றைய சுற்றியல் மாதிரி. விளக்கத்திற்காக 470 மைக்ரோஃபாரடுக்கு இணையாக 47 மைக்ரோஃபாரடும் அதனோடு தொடராக 1 மெகா ஓமும் உள்ள ஒரே கிளையை மட்டும் கருதலாம். முழு அமைப்பும் 325 வோல்ட்டில் இருக்க, புற முனைகளை 5 விநாடி குறுக்கிணைத்தால், மறைந்த கிளையின் நேர மாறிலி 47 விநாடியாதலால், அதில் 292 வோல்ட் அப்படியே எஞ்சுகிறது. இணைப்பை எடுத்தபின் அம்மின்னூட்டம் மெல்லப் பரவி, முனைகளில் ஏறத்தாழ 27 வோல்ட் தோன்றும். 5 நிமிடம் குறுக்கிணைத்து வைத்திருந்தாலோ எஞ்சுவது ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கே. மின்னிறக்கத்தில் மின்தடையின் மதிப்பைப் போலவே, இணைப்பு நீடிக்கும் காலமும் தனித்தொரு காரணியாக அமைவதை இக்கணக்கு காட்டுகிறது. உண்மையான மின்தேக்கியில் இத்தகைய கிளைகள் பல. அவற்றின் நேர மாறிலிகள் விநாடி முதல் மணிக்கணக்கு வரை விரிந்தவை.

மீளெழுச்சியின் அளவு மின்கடத்தாப் பொருளைப் பொறுத்தது. பாலிபுரோப்பிலீனில் அது ஒரு விழுக்காட்டில் சிறு பங்கு. மின்னாற்பகுப்பு வகையில் பத்து விழுக்காட்டை எட்டலாம். குறைந்த மின்னழுத்தச் சுற்றில் இது பெரிய இடரன்று. 10,000 வோல்ட் தொகுதியிலோ இரண்டு விழுக்காடு என்பதே 200 வோல்ட். எனவே உயர் மின்னழுத்த ஆய்வகங்களில் இரு கட்ட நெறி பின்பற்றப்படுகிறது. முதற்கட்டத்தில் மின்தடையாக்கி பொருத்திய கோலால் மின்தேக்கி இறக்கப்படும். மின்னழுத்தம் தணிந்தது அளந்து உறுதியான பின், மின்தடை அற்ற தடித்த செப்புக்கம்பி இரு முனைகளையும் இணைத்துத் திருகப்படும். பணி முடிந்து கருவி மீண்டும் இயக்கப்படும் வரை அக்கம்பி அங்கேயே இருக்கும். சுற்றிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கப்படும் உயர் மின்னழுத்த மின்தேக்கிக்கும், பெட்டியில் இட்டு வேறிடம் அனுப்பப்படுவதற்கும் இதுவே விதி. மீண்டும் சுற்றில் பொருத்துபவரே அதனை அவிழ்ப்பார்.